சொல்லுக்கு எழுபது காசு

சொல்லுக்கு எழுபது காசு.
பயிர்ப் பாதுகாப்புக் கையேடு, தொண்ணூற்றாறு பக்கம்,
ஆங்கிலத்திலிருந்து.
முடித்து அனுப்பினால் பதினைந்து நாளில் பணம்
என்றார் சென்னையிலிருந்து இலியாஸ்.
பதினைந்து என்றால் முப்பது என்று எனக்குத் தெரியும்.
கேஸ் ஏஜென்சிக்குத் தெரியாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு.
கேட் மூடும்போதெல்லாம்
பஸ்களின் உறுமல் ஜன்னல் வழியே வந்து
என் வாக்கியத்துக்கு நடுவில் நின்றுகொள்ளும்.
திறக்கும்வரை நானும் நிற்பேன்.

கணக்கு சுலபம்.
அரை லிட்டர் பால் நாற்பத்து மூன்று சொல்.
சிலிண்டர் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்,
மாடிக்குத் தூக்கி வருகிறவருக்கு இன்னொரு நாற்பது.
நப்பின்னையின் கண்ணாடிக்குப் போன வருஷம்
முயல் வளர்ப்புப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம்.
போர்டு தெரியுதா என்றேன்.
டீச்சர் மூக்குத்தியே தெரியுது என்றாள்.

என் பெயரில் ஒரு சிறுகதைத் தொகுப்பும் உண்டு.
ராயல்டிக்குப் பதில் முப்பது பிரதிகள் வந்தன.
பதினொன்று இன்னும் அரிசி டின் மேல்.
பால்காரர் புத்தகமாக வாங்கிக்கொள்ள மாட்டார்.
கேட்டுப் பார்த்ததில்லை.

தமிழ்தான் இதில் எனக்குப் பகை.
ஒட்டிக்கொள்ளும்.
தெளித்துக்கொண்டிருக்கும்போது
மூச்சு வாங்குகிற நீளம். எழுபது காசு.
தெளித்துக் கொண்டு இருக்கும் போது
இரண்டு ரூபாய் எண்பது.

மூணாறு தலைப்பு இங்கிருந்து சைக்கிள் தூரம்.
ஒன்றாக வரும் வெண்ணாறு அங்கே
கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துபோகிறது.
பாசனத்துக்குத்தான்.
ஆற்றை யாரும் குறை சொன்னதில்லை.

சிலிண்டரைச் சாய்த்துவைத்துச் சமைத்த வாரம்
நான் பிரித்தேன்.
எட்டாம் பகுதி முழுக்க,
புகையான், இலைச்சுருட்டுப் புழு, குருத்துப்பூச்சி,
அவற்றுக்கு நடுவே
சேர்ந்து நிற்கவேண்டிய வினைகளையெல்லாம்
வெண்டைக்காய் மாதிரி நறுக்கிப் போட்டேன்.
தெரியாதவள் செய்தால் பிழை.
எனக்கு இலக்கணம் தெரியும்,
அதுதான் கூச்சம்.

மறுவாரம் இலியாஸ் கூப்பிட்டார்.
எட்டாம் பகுதியில மட்டும்
வார்த்தையெல்லாம் ஏன் தனித்தனியா நிக்குது, மேடம்?
கேட் திறந்திருந்தது.
பதிலுக்கு ஒரு ஹாரன்கூடக் கிடைக்கவில்லை.

அவரேதான் பேசினார்.
நானும் புரூஃப் பார்த்தவன், பக்கத்துக்கு ரெண்டு ரூபா.
எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிப் பக்கத்தைக் கூட்டுங்கன்னு
கம்போசிங்காரர் கையைப் பிடிச்சிருக்கேன்,
ஒரு ரம்ஜான் மாசம்.
அச்சுல நான் சேர்த்துடறேன்.
பில்லுல பிரிஞ்சே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை, சொன்ன பதினைந்துக்கு இருபத்தாறாம் நாள்,
அடுக்களை மேடையில் போன் அதிர்ந்தது.
பிடித்தம் போகப் பத்தாயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு ரூபாய்
நாற்பது காசு.
நாற்பது காசு என்றால் அரைச் சொல்லுக்குக் கொஞ்சம் மேல்.
எந்தச் சொல்லின் பாதி என்று யோசித்தபடியே
சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

இப்போது ராத்திரி.
கடைசி ரயில் போய்விட்டது, கேட் தூக்கியே இருக்கிறது.
நாளைய பாலுக்கும் மறுநாள் பாலுக்கும்
சொல் இருக்கிறது என்பதால்
இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
இதற்கு யாரும் எண்ணித் தரப்போவதில்லை.
மேட்டூர் திறந்து ஆறு நாளாகிறது,
கோரையாற்றில் தண்ணீர்
வந்துகொண்டிருக்கிறது.
பிரிக்காமல், ஒரே சொல்லாக
எழுதிப் பார்க்கிறேன்.